சிறுநீர்க் கசிவும் தடுமாற்றமும்: நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 69 வயது. இருமினால் சிறுநீர் கசிகிறது. அவசரமாக வந்தால், கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் போய்விடுகிறது. அப்படி விரைந்தபோது இரண்டு முறை விழப் பார்த்தேன். தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். அது போதாதா?

பதில்: நடையை விட்டுவிடாதீர்கள். ஆனால் இந்த இரண்டு தொல்லைக்கும் அது மட்டும் போதாது. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். சமநிலையும் அப்படித்தான், லேசாகத் தடுமாறும் நிலையில் நின்று பழகினால்தான் மேம்படும்.

முதலில் இடுப்புத்தளத் தசை. நாற்காலியில் அமருங்கள். வாயு பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தைச் சிறுநீர் வரும் இடம்வரை முன்னால் கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுங்கள். 3 விநாடி பிடித்து, முழுவதுமாகத் தளர்த்தி, அதே அளவு நேரம் ஓய்வு கொடுங்கள். இப்படி 8 முறை. பிறகு சட்டென்று இறுக்கி உடனே விடுவது 8 முறை. பிடிக்கும் நேரத்தை மெல்ல மெல்ல 10 விநாடிவரை கூட்டலாம். நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது 3 மாதம். மூன்றாவது வாரத்தில் 'ஒன்றும் தெரியவில்லையே' என்று நிறுத்திவிடாதீர்கள்.

மூச்சை அடக்காதீர்கள். இறுக்கிப் பிடித்தபடியே ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். உட்கார்ந்த இடத்திலிருந்து உடம்பு சற்று உயர்ந்தால், வேலை செய்வது பிட்டத் தசை என்று பொருள். மலம் கழிக்கும்போது முக்குவதுபோலக் கீழ்நோக்கித் தள்ளுவது இன்னும் மோசம், கசிவை அது கூட்டும். சிறுநீர் போகும்போதே பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்ய வேண்டாம். பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

தசை பிடிபட்டதும், இருமல், தும்மல், கனமானதைத் தூக்குவது எதுவானாலும் அதற்கு ஒரு நொடி முன்பே இறுக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் விழப் பார்த்தது ஓடும்போது. ஆகவே மாற்ற வேண்டிய முதல் பழக்கம் அந்த ஓட்டம்தான். அவசரம் உச்சத்தில் இருக்கும்போது சிறுநீர்ப்பை சுருங்கிக்கொண்டிருக்கும். கவனம் முழுக்க அங்கே போய்விடுவதால் கால் எங்கே படுகிறது என்றே தெரியாது. உந்துதல் வந்த இடத்திலேயே நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். ஐந்தாறு முறை வேகமாக இறுக்கி விடுங்கள். இந்தத் தசை இறுகினால், சுருங்கும் பை நரம்புவழியாகத் தளரும். உந்துதல் தணிந்த பிறகு சாதாரணமாக நடந்து போங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு முறை நனையத்தான் செய்யும். இடுப்பெலும்பு முறிவதற்கு அது எவ்வளவோ மேல்.

வாரம் மூன்று நாள் கால் பலத்துக்கும் சமநிலைக்கும் ஒதுக்குங்கள். சுவரோடு ஒட்டிப் போட்ட, சக்கரமில்லாத நாற்காலியின் நுனிக்கு வந்து, பாதங்களைச் சற்று பின்னிழுத்து, மார்பை முன்னே சாய்த்து எழுங்கள். எழும் கணத்தில் இடுப்புத்தளத்தை இறுக்குங்கள். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். பொத்தென்று விழுந்தால் தொடைக்கு வேலையே இல்லை. 5 முறையில் தொடங்கி 10 வரை போகலாம். அடுத்து சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது 10 முறை. பிறகு ஒரு பாதத்தின் விரலுக்கு முன்னால் மற்றதன் குதிகாலை வைத்து 10 விநாடி நிற்பது. இரு கை, ஒரு கை, விரல் நுனி என்று பிடியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். துளியும் ஆடாமல் நிற்க முடிகிறதென்றால் பயிற்சி எளிதாகிவிட்டது, அடுத்த படிக்குப் போங்கள்.

இரவில் எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுங்கள். வழியில் விளக்கு எரியட்டும். கசிவுக்குப் பயந்து தண்ணீரை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் மட்டும் குறைத்தால் போதும். நீர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எரிச்சல், சிறுநீரில் ரத்தம், எழுந்தால் தலைசுற்றல், பிறப்புறுப்பில் ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். 3 மாதம் செய்தும் கசிவு குறையாவிட்டால், சரியான தசைதான் இறுகுகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் பரிசோதித்துச் சொல்வார். தொடைகளுக்கு நடுவே மரத்துப்போய், காலில் வலுவிழந்து, திடீரென்று சிறுநீர் கட்டுப்பாடு போய்விட்டால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.