குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு: புதியவர் சேரலாமா?

கேள்வி: குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளும்படி எங்கள் பகுதி இயற்கை ஆர்வலர்கள் அழைக்கிறார்கள். எனக்கு இருபது பறவைகளுக்கு மேல் அடையாளம் தெரியாது. என்னால் கணக்கு பிழையாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். போகலாமா?

பதில்: தயங்காமல் செல்லுங்கள். பறவைகளைப் போட்டி போட்டுச் சுடும் வழக்கத்துக்கு மாற்றாக, 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அவற்றை எண்ணிப் பார்ப்போம் என்று வட அமெரிக்காவில் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் அழைத்தபோது முன்வந்தவர்கள் 27 பேர்தான். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் தொடர்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1987 முதல் தன்னார்வலர்களை நம்பியே நடந்துவருகிறது.

எண்ணும் முறையை முதல் நாளிலேயே கற்றுக்கொள்ளலாம். நீரில் பரவியிருக்கும் வாத்துக் கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்பதைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை அடுத்தடுத்து நகர்த்திக்கொண்டே போனால், மறுகோடிக்கு வரும்போது ஏறக்குறையச் சரியான எண் கிடைத்துவிடும். கூட்டம் நடுவில் நெருக்கமாக இருந்தால் அந்தப் பகுதியை இன்னொருவரும் தனியாக எண்ணி ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. இடையில் பருந்து ஒன்று தாழப் பறந்து, கூட்டம் முழுவதும் எழுந்து இடம் மாறி அமர்ந்துவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து எண்ணத்தான் வேண்டும்.

அடையாளத்தில் ஐயம் இருந்தால், எடுத்துக்காட்டாக, நீரோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்களை 'உள்ளான் வகை, 40' என்று மட்டும் எழுதுங்கள். சிறிய உள்ளான்கள் பலவும் குளிர்காலத்தில் மங்கிய சாம்பல் பழுப்பு நிறத்தில் ஒன்றுபோல் இருப்பதால், பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களே தடுமாறுவதுண்டு. ஊகித்து எழுதிய ஒரு பெயர், எழுதாமல் விட்ட பெயரைவிட அதிகக் கேடு செய்யும் என்பது என் உறுதியான கருத்து; அரிய பறவையைப் பட்டியலில் சேர்த்துவிடும் ஆசையிலேயே பல பிழைகள் நுழைகின்றன.

தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு, உடன் வந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் கட்டாயம் குறியுங்கள். போன ஆண்டு மூவர் நான்கு மணி நேரம் எண்ணியதையும் இந்த ஆண்டு எழுவர் இரண்டு மணி நேரம் எண்ணியதையும் ஒப்பிட அந்தக் குறிப்பு இல்லாமல் வழியில்லை. ஆண்டுதோறும் வந்த நாமக்கோழி இம்முறை ஒன்றுகூடத் தென்படவில்லை என்றால், அந்தப் பூச்சியத்தையும் எழுதுங்கள்.

முதல் நாளில் குறிப்பேட்டை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பெயரையும் எண்ணையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே, எதைக் கொண்டு அடையாளம் கண்டார்கள் என்று கேட்டுவந்தால், உங்களுக்குத் தெரிந்த இருபது நண்பகலுக்குள் முப்பதாகிவிடும்.