படம் பார்க்காமல் விமர்சன வரிகளை மட்டும் ரசிப்பது தவறா?

விமர்சனத்தில் வரும் நல்ல வரிகளை நோட்டில் எழுதி வைப்பீர்கள், படம் பார்க்க மாட்டீர்கள், நண்பர்கள் கேலி செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூப்பிடு தூரத்தில் தியேட்டர் இருக்கும் ஊர்க்காரர் போலிருக்கிறது நீங்கள். மும்பையில் வளர்ந்த எங்களை யாரும் அப்படிக் கேலி செய்ததில்லை. எங்களுக்கு விமர்சனம்தான் முதலில் வரும். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் வார இதழ் கிடைத்துவிடும். படம் கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டருக்கு வந்தால் உண்டு. 1977இல் வந்த ‘16 வயதினிலே’க்கு விகடன் 62.5 மார்க் போட்டது, அந்தப் படத்தைப் பார்க்காத என் பெரியம்மாவுக்கும் தெரியும்.

என் சித்தப்பா தாராவியில் ஒரு கையெழுத்துப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுவார். ஒரு படத்துக்கு இப்படி எழுதினார்: “கதாநாயகி படம் முழுக்க ஜன்னலோரமே நிற்கிறார். கதை வருகிறதா என்று பார்க்கிறார் போல.” எங்கள் சாலில், அதாவது ஒண்டுக்குடித்தனக் கட்டடத்தில், வீடு வீடாக அந்த வரி போனது. பிறகு அந்தப் படம் அரோராவுக்கு வந்தது. ஜன்னல் வரும்போதெல்லாம் எங்கள் வரிசையே சிரித்தது. அந்த ஜன்னலை அவர் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். குறையை நடிகை தலையில் கட்டாமல், கதை எழுதியவரிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறார். இரண்டே வாக்கியத்தில்! இதை ரசிக்காமல் எதை ரசிப்பது?

‘அடுத்தவர் உழைப்பைக் கிண்டல் செய்கிறீர்கள், ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள்’ என்று யாராவது வருவார்கள். நடிகரின் நிறத்தையும் உடம்பையும் கிண்டல் செய்யும் வரிகளை நான் சொல்லவே இல்லை, அவை எனக்கும் பிடிக்காது. ஆனால் துக்ளக்கில் விமர்சனம் எழுதிய மகேந்திரன்தான் 1978இல் ‘முள்ளும் மலரும்’ எடுத்தார். கல்கியும் விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கலை விமர்சனம் எழுதியவர். நாவலுக்குக் கொடுத்த தமிழைத்தான் அதற்கும் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போனால், ‘பாம்பேக்காரங்களுக்குத் தமிழ் படிக்க வருமா?’ என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததே அந்த விமர்சனப் பக்கங்களால்தான். அப்பா ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வாசித்துக் காட்டுவார். கேட்கிறவர்கள் வீட்டில் ஒரு வார இதழ் கிடையாது. அது இப்போதும் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் பாட்டுக்கு எழுதி வையுங்கள். அப்புறம், எழுதியவர் பெயரையும் இதழின் தேதியையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் பத்திரிகையில் எல்லாருக்கும் புனைபெயர். ஜன்னல் வரி தன்னுடையது என்பது அவருக்கு நினைவிருக்கிறது, மற்ற நல்ல வரிகளை யார் எழுதினார்கள் என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.