சொக்குதா, அசதியா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். எனக்கு வயது 46. செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் லோரி ஓட்டுகிறேன். இரவு ஒன்பதரைக்குப் படுத்தால் காலை ஐந்தரைக்குத்தான் எழுகிறேன். எட்டு மணி நேரம் முழுசாகத் தூங்கியும் பகலில் உடம்பு ஓடவில்லை. ஆலை வாசலில் எடை போட வரிசையில் நிற்கும்போதே கண் சொருகிவிடுகிறது. பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால்தான் முழிப்பு வருகிறது. பாசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், வைட்டமின் வாங்கிச் சாப்பிட்டேன், தொங்காட் அலி மூலிகை போட்ட கோப்பியும் குடித்துப் பார்த்தேன். மனைவிக்கு வயது 41. அவளும் எந்நேரமும் அசதி என்கிறாள். நாள் முழுக்க ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள், அந்தச் சத்தம் வேறு. இரண்டு பேருக்கும் என்ன சத்து மருந்து எடுக்கலாம், டாக்டர்?

பதில்: கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் 'டயர்டா இருக்கு டாக்டர்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு சங்கதி இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பிரித்துத்தான் பேசினார்கள். 'சொக்குது' வேறு, 'அசதி' வேறு. உட்கார்ந்த இடத்தில் கண் மூடிவிடுகிறதா, அது சொக்கல். படுத்தாலும் தூக்கம் வருவதில்லை, ஆனால் ஒரு வாளித் தண்ணீர் தூக்கத் தெம்பு இல்லை என்றால் அது அசதி. சொக்குகிறவருக்கு முதலில் இரவுத் தூக்கத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். அசதிக்காரருக்கு முதலில் இரத்தத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் சொக்குகிறீர்கள், மனைவிக்கு அசதி. ஒரே மருந்து இரண்டு பேருக்கும் சரிவராது.

உங்களிடமிருந்து தொடங்குகிறேன். பகல் தூக்கத்தை அளக்க எப்வர்த் அளவுகோல் என்று ஒன்று உண்டு. மெல்பர்ன் டாக்டர் மர்ரே ஜான்ஸ் 1991-ல் வெளியிட்டது, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எட்டு நிலைமைகள்: படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் பஸ்ஸிலோ காரிலோ பயணியாகப் போகும்போது, மதியம் சாய்ந்து படுக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அமைதியாக இருக்கும்போது, வண்டி சில நிமிடம் நிற்கும்போது. ஒவ்வொன்றிலும் தூங்கிவிட எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் அது சாதாரணக் களைப்பு இல்லை. ஆலை வாசலில் வரிசையில் நின்றபடி தூங்குகிறவர் அந்தக் கடைசிக் கேள்விக்கு 3 போட வேண்டியவர்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை எல்லாருக்கும் கொஞ்சம் மந்தம் வரும், உடம்பின் கடிகாரமே அப்படி. அதோடு சோறும் கறியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். குறட்டை விடுவீர்களா? 'எனக்குத் தெரியாது' என்பீர்கள். தெரிய வழியில்லை, தூங்கிக்கொண்டிருந்தீர்களே! பக்கத்தில் படுப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

சில வருஷம் முன்பு ஒரு தம்பதி வந்தார்கள். அவரும் வண்டி ஓட்டுகிறவர். குறட்டையா, நானா, அவள் சும்மா சொல்கிறாள் என்று சிரித்தார். மனைவி ஒன்றும் பேசாமல் கைத்தொலைபேசியை என் மேசையில் வைத்து ஒரு பதிவைத் தட்டினார். மர ஆலை மாதிரி குறட்டை. திடீரென்று நின்றது. பதிவில் மேலே சுற்றும் காற்றாடியின் சத்தம் மட்டும் கேட்டது, எங்கோ ஒரு சேவல். அந்த அம்மாள் மெல்லிய குரலில் எண்ணுகிறார்: பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. இருபத்து மூன்றில் ஒரு திணறல், தண்ணீரிலிருந்து மேலே வந்தவன் மூச்சை இழுக்கிற மாதிரி. மறுபடி குறட்டை. அறையில் மூவரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "அது நான் இல்லை டாக்டர்." மனைவி கேட்டார்: "பின்னே யாரு, எதிர்வீட்டுக்காரரா?"

இதைத்தான் தூக்க மூச்சடைப்பு என்கிறோம். தூங்கும்போது தொண்டைச் சதை தளரும். சிலருக்கு அது காற்றுப்பாதையை மூடும் அளவுக்குத் தொய்ந்துவிடும். மூச்சு குறைந்தது பத்து விநாடி நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. உள்ளே ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பயந்து சில விநாடி விழிக்க வைக்கிறது, தொண்டை திறக்கிறது, மறுபடி தூக்கம். காலையில் ஒன்றும் நினைவிருக்காது. மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் கோளாறு, 30-ஐத் தாண்டினால் கடுமை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உங்களை யாராவது தட்டி எழுப்பினால் எட்டு மணி நேரம் படுத்து என்ன பிரயோசனம்?

இன்னும் சில அடையாளங்கள்: காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, மாத்திரை போட்டும் இறங்காத இரத்த அழுத்தம். இந்தக் கடைசியில் நானே ஏமாந்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு டிராக்டர் ஓட்டுநருக்கு மூன்று மாதம் சத்து ஊசி போட்டேன். பிரஷர் ஏன் குறையவில்லை என்று மண்டையைக் குடைந்தேனே தவிர, இரவில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துணி தைப்பவரின் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். 40 செண்டிமீட்டருக்கு மேல் இருந்தால், அதாவது சட்டைக் காலர் 16 இறுக்கமாக இருந்தால், சந்தேகம் கூடுகிறது. ஒல்லியாக இருப்பவர்களும் தப்பிவிட முடியாது. தாடை உள்வாங்கியிருந்தால் அவர்களுக்கும் வரும். இந்த வாரம் இரண்டு இரவு மனைவியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பதிவோடு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். தூக்கப் பரிசோதனை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மூக்கிலும் மார்பிலும் விரலிலும் சின்னக் கருவிகளை மாட்டிக்கொண்டு ஓர் இரவு தூங்க வேண்டும், அவ்வளவுதான். முறைக்குக் காத்திருக்க நேரிடலாம், அதனால் இன்றே தொடங்குங்கள்.

கடுமையாக இருந்தால் சீபேப் என்ற இயந்திரம் தருவார்கள் அல்லது வாங்கச் சொல்வார்கள். மூக்கில் மாட்டும் முகமூடி வழியாகக் காற்றை மெதுவாக உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். சிட்னியில் டாக்டர் காலின் சலிவன் 1980-களின் தொடக்கத்தில் முதன்முதலில் இதைச் செய்தபோது வேக்கும் கிளீனர் மோட்டாரைத்தான் பயன்படுத்தினார். இப்போது தலையணைப் பக்கத்தில் வைக்கிற அளவுக்குச் சிறுத்துவிட்டது. சொந்தமாக வாங்கினால் சில ஆயிரம் வெள்ளி ஆகும், மறைக்க விரும்பவில்லை. முதல் ஒரு வாரம் 'யானைத் தும்பிக்கை' என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். பழகியவர்கள் பலர் பயணம் போனாலும் அதை விட்டுவிட்டுப் போவதில்லை.

நீங்களாகச் செய்யக்கூடியதும் உண்டு. எடையில் 10 சதவீதம் இறங்கினால் மூச்சடைப்பு சராசரியாகக் கால்பங்கு குறைகிறது. மல்லாக்கப் படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். சம்சுவோ பீரோ, படுக்கப் போகும் முன் வேண்டவே வேண்டாம். குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பார்கள். உண்மையில் தொண்டைச் சதை இன்னும் தொய்ந்து மூச்சு அதிக நேரம் நிற்கும். சளிக்குப் போடும் பிரிட்டோன் மாத்திரையின் மப்பும் மறுநாள் வரை நிற்கும், அதையும் கவனியுங்கள். தொங்காட் அலி கோப்பியை நிறுத்திவிடுங்கள். அந்த மாதிரி பாக்கெட்டுகள் சிலவற்றில் ஆண்மை மருந்து கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதயக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து.

லோரி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன், தம்பி. பரிசோதனை முடியும் வரை தூர ஓட்டம் வேண்டாம். சன்னலைத் திறப்பது, பாட்டை உரக்க வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எதுவும் சொக்கலை நிறுத்தாது, சில நிமிடம் ஏமாற்றும். கண் சொருகினால் ஓரமாக நிறுத்தி ஒரு கோப்பி குடித்துவிட்டு, 15 அல்லது 20 நிமிடம் தூங்குங்கள். கோப்பி வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரத்தில் எழுந்துவிடுவீர்கள். தோட்டத்துக் கிராணியிடம் (கணக்கரிடம்) சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது சரியாகிற நோய் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இடையில் ஒரு சங்கதி. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னால் நகர்ந்தது. அதனால்தான் இங்கே சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு எட்டிப் பார்க்கிறது. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர்களும் வண்டி எடுக்கிறவர்களும் எழுவது கும்மிருட்டில். உடம்புக் கடிகாரத்தைச் சரிப்படுத்துவது காலை வெளிச்சம். வெளிச்சம் வந்ததும் பத்து நிமிடம் வண்டியை விட்டு இறங்கி வெயிலில் நில்லுங்கள். மூச்சடைப்பு இதனால் தீராது, தூக்கத்தின் நேரம் ஒழுங்காகும்.

சரி, உங்கள் மனைவி. அந்த ஐஸ் சத்தம் உங்களுக்கு எரிச்சல், எனக்குத் துப்பு. ஓயாமல் ஐஸ் கடிக்கத் தோன்றுவது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளங்களில் ஒன்று. ஏன் அப்படி என்று இன்னும் முழுசாக விளங்கவில்லை, ஆனால் இரும்பு ஏறியதும் அந்த ஆசை போய்விடுகிறது. மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று அவரிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரத்தச் சோகை. அதற்கு முன்பே இரும்பின் இருப்பு தீர்ந்திருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை.

பார்க்காமல் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் மரபணு உள்ளவர்கள் நிறைய. அவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் காட்டும், இரும்பு கொடுத்துப் பயனில்லை. இரும்புக் குறைவு உறுதியானால் மாத்திரையைத் தேநீர் குடிக்கும் நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள். தேநீரின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் தேநீருக்கும் இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். கொஞ்சம் எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தெம்பு வந்ததும் நிறுத்திவிடாமல் டாக்டர் சொன்ன மாதம் வரை தொடர வேண்டும். மாதவிலக்கில் இரத்தம் அதிகம் போகிறதென்றால் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். இதே குறைவு ஓர் ஆணுக்கு இருந்தால் கதையே வேறு. வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா என்று தேடாமல் மாத்திரை மட்டும் கொடுக்கக் கூடாது.

அவருக்கு இரத்தம் எடுக்கும்போதே தைராய்டும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும். 2019 தேசிய ஆய்வில் மலேசிய இந்தியர்களில் 31 சதவீதத்துக்குச் சர்க்கரை இருந்தது, மற்ற இனங்களைவிட அதிகம். ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை நெடுங்காலமாகச் சாப்பிடுகிறவர்கள் பி12 வைட்டமினையும் பார்க்கலாம், அந்த மாத்திரை அதைக் குறைக்கும். பி40 குடும்பமாக, அதாவது வருமானத்தில் கீழ் 40 சதவீதத்தில் இருப்பவராக, உதவித்தொகை பெறுகிறீர்கள் என்றால், 40 வயது தாண்டிவிட்டதால் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை கிடைக்கும். பல தனியார் கிளினிக்குகளும் இதில் சேர்ந்திருக்கின்றன.

இரத்தம் எல்லாம் சரியாக இருந்தும் அசதி போகவில்லை, விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எடை தானாகக் குறைவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், நெஞ்சுவலி, சாதாரணமாக நடந்தாலே மூச்சு வாங்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் குறட்டையால் அவருடைய தூக்கமும் கெட்டிருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே கிளினிக்குக்கு இருவரும் ஒரே நாளில் போங்கள். உங்கள் குறட்டையைப் பற்றி அவர் சொல்லட்டும், அவர் ஐஸ் கடிப்பதைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்.