கையில் இருப்பது வலம்புரிதானா?

கேள்வி: வேலூர் கோட்டைப் பக்கம் ஒரு கடையில் 1,500 ரூபாய்க்கு வலம்புரிச் சங்கு வாங்கினேன். அசலா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? (வாசகி, காட்பாடி)

பதில்: முடியும். முதலில் திசை. குறுகி நீண்ட வால் மேலே, சுழி கீழே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். திறப்பு வலக்கைப் பக்கம் வந்தால் வலம்புரி. இடக்கைப் பக்கம் வந்தால் கோயிலில் ஊதும் சாதாரண இடம்புரி.

ஆனால் ஏமாற்று நடப்பதே இந்தத் திசையை வைத்துத்தான். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைக்கும் நம் சங்கில் (டர்பினெல்லா பைரம்) வலம்புரி மிக மிக அரிது. அமெரிக்கக் கடலில் வாழும் லைட்னிங் வெல்க் என்ற நத்தைக்கோ அந்தப் பக்கம் சுழல்வதுதான் இயல்பு. அதைத்தான் வெள்ளையாக மெருகேற்றி இங்கே விற்கிறார்கள்.

செல்போன் டார்ச்சை வாய்க்குள் அடியுங்கள். நடுத்தண்டின் மேல் மூன்று நான்கு மடிப்புகள் வரப்பு மாதிரி எடுப்பாகத் தெரிந்தால் நம் சங்கு. தண்டு வழவழவென்று இருந்தால் வெல்க். அதன் ஓடு மெலிசு, கைக்கு லேசாக இருக்கும். சுழியை ஒட்டிய தோள்பட்டையில் முண்டுகளை அரைத்துத் தேய்த்த தடமும் தெரியலாம். மார்பிள் பவுடரை ரெசினில் குழைத்து வார்த்ததும் உண்டு. அதில் அச்சு சேர்ந்த கோடு ஓடும், வளர்ச்சி வரிகள் இருக்காது. அரிசியில் வைத்தால் தானே திரும்பும், பாலில் போட்டால் தெரியும் என்பதையெல்லாம் நம்பாதீர்கள். நீங்கள் கொடுத்த விலைக்கு அசல் வலம்புரி கிடைக்காது. மடிப்பைப் பார்த்துவிட்டே கடைக்காரரிடம் பேசுங்கள்.

கேள்வி: போர் தண்ணீர் பட்டு அபிஷேகச் சங்கில் வெள்ளைப் படிவு. பித்தளைக்குப் போல் புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: கூடவே கூடாது. எலுமிச்சை, வினிகரும் வேண்டாம். உப்புத்தண்ணீர் விடும் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சங்கின் ஓடும் அதுவே. புளிப்பு இரண்டையும் சேர்த்துத்தான் கரைக்கும். மெருகு போய்ச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டால் பழைய பளபளப்பு தானாகத் திரும்பாது.

ஆர்.ஓ. தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, இடுக்கில் இருப்பதை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். ஊசி, கத்தி கீறிவிடும். கெட்டியான படிவு முழுதாகப் போகாது. அதை விட்டுவிடுவதே சங்குக்கு நல்லது. இனி அபிஷேகம் முடிந்ததும் ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பால் ஊற்றினால் உடனே அலச வேண்டும். உள்சுழலில் தங்கினால் நாற்றம் பிடிக்கும். வாய் கீழே இருக்கும்படி துணிமேல் கவிழ்த்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்துங்கள்.