பாதத்தில் அடிபட்ட பிறகு மறுபடி வெயிட் எடுப்பது: உங்கள் கேள்விகள் சிலவற்றுக்குப் பதில்

பாதம், கணுக்கால் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எத்தனை வாரம் கழித்து ஜிம்முக்குப் போகலாம்?" என்றுதான் முடிகின்றன. வாரக் கணக்கை உங்கள் டாக்டர் சொல்லிவிடுவார். அதற்கு அப்புறம் எந்தப் பயிற்சியை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்பதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் என்னிடம் வருகிற பலர் மறுபடி வலியோடு வருகிறார்கள்.

பைக் சரிந்து, சுண்டுவிரல் பக்கத்துப் பாத எலும்பில் முறிவு. 6 வாரம் பூட் (பாதத்தை அசையாமல் பிடிக்கும் மருத்துவக் காலணி) போட்டிருந்தேன். எக்ஸ்ரேயில் சேர்ந்துவிட்டது என்கிறார்கள். முன்பு 100 கிலோ ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) போடுவேன், இந்த வாரமே ஆரம்பிக்கலாமா?

இந்த வாரம் வேண்டாம். முதலில் முறிவு சரியாக எந்த இடத்தில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எலும்பின் அடி நுனியில் சின்னத் துண்டு பெயர்ந்திருந்தால் பொதுவாக நன்றாகவே சேர்ந்துவிடும். அதிலிருந்து கொஞ்சம் விரல் பக்கமாகத் தள்ளி உடைந்தால் அதற்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, சேராமலே இருப்பதும் சேர்ந்தது மறுபடி உடைவதும் அங்கே அதிகம், விளையாட்டு வீரர்களுக்குப் பெரும்பாலும் ஸ்க்ரூ போட்டுவிடுவார்கள். உங்களுடையது அதுவாக இருந்தால், கீழே சொல்வதை எல்லாம் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொடங்காதீர்கள்.

சாதாரண முறிவு என்றால் முதலில் உங்கள் கெண்டைச் சதையை இரண்டு கையாலும் பிடித்து மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கைக்கே தெரியும். அரை மணி நேரம் நொண்டாமல் நடக்க முடிகிறதா, உடைந்த இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்காமல் இருக்கிறதா, ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்க முடிகிறதா, சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தினால் நல்ல கால் செய்கிற எண்ணிக்கைக்குப் பக்கத்திலாவது வருகிறதா? இதெல்லாம் சரியாக வந்த பிறகு பாரை, அதாவது எடை மாட்டும் கம்பியைத் தொடலாம்.

அப்போதும் ஸ்குவாட் முதலில் வேண்டாம். ஸ்டாண்டிலிருந்து பாரைத் தோளில் ஏற்றி இரண்டு அடி பின்னால் வைக்கிறோம் இல்லையா, அந்த ஒவ்வொரு அடியிலும் பாரின் எடையும் உங்கள் எடையும் சேர்ந்து ஒரே பாதத்தில் இறங்குகிறது. உட்கார்ந்து எழும்போதுகூட எடை இரண்டு காலுக்கும் பிரிகிறது, பின்னால் வைக்கிற அடியில் பிரிவதே இல்லை. அதனால் முதலில் லெக் பிரஸ் (உட்கார்ந்தபடி எடையைக் காலால் தள்ளுவது), பிறகு டெட்லிஃப்ட் (நின்ற இடத்திலேயே தூக்கி அங்கேயே வைக்கிறீர்கள், அடி எடுத்து வைக்கிற வேலை இல்லை), அதன் பிறகு ஸ்குவாட். லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது) கடைசியில். பின்னங்கால் விரல்கள் மடங்கி, பாதத்தின் முன்பகுதி தனியாகச் சுமக்கிற பயிற்சி அது. புஷ்-அப், பிளாங்க் இரண்டிலும் விரல்கள் அதே மாதிரி மடங்குகின்றன, அவற்றை யாரும் கால் பயிற்சியாக நினைப்பதில்லை என்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பழைய எடையில் பாதிக்கும் கீழே தொடங்கி, வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். செய்யும்போது 10-க்கு 3 வரை லேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடி நேற்றைப் போலவே இருக்க வேண்டும். அது மோசமாகியிருந்தால் ஒரு படி இறங்குங்கள். உடைந்த எலும்பின் மேலேயே ஒரு புள்ளியில் வலி திரும்பி வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். டாக்டர் தடை சொல்லாத வரை உட்கார்ந்தபடி டம்பெல் பிரஸ், லாட் புல்டவுன், ரோயிங் எல்லாம் செய்யலாம் (ரோயிங்கில் கட்டுப் போட்ட காலால் உந்தக் கூடாது). பெஞ்ச் பிரஸில் கனமான எடை போடாதீர்கள், கடைசி ரெப்பில் (கடைசித் தடவை தூக்கும்போது) கால் தன்னையறியாமல் தரையை உந்தும். நல்ல காலுக்கு மட்டும் லெக் எக்ஸ்டென்ஷன் செய்யுங்கள். ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் பயிற்சி, கட்டுக்குள் இருக்கும் மறுபக்கத்தின் பலம் குறைவதையும் ஓரளவு தடுக்கும், இது பல ஆய்வுகளில் பார்த்த விஷயம். சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள், அது எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம்.

கணுக்கால் பிசகி ஒரு மாதம் ஆகிறது. எண்ணெய் போட்டு நீவி சுளுக்கு எடுத்தார்கள், வீக்கம் போய்விட்டது. ஆனால் ஸ்குவாட்டில் கீழே போனால் அந்தக் குதிகால் தானாகத் தூக்குகிறது.

பிசகிய அன்று 4 அடிகூட நடக்க முடியாமல் இருந்தாலோ, கணுக்கால் முட்டியின் பின்விளிம்பில் அழுத்தினால் எலும்பே வலித்தாலோ நீவுவதற்கு முன்னால் எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும். அப்படி இருந்து எடுக்காமல் விட்டிருந்தால் இப்போதாவது எடுங்கள். உள்ளங்காலில் ரத்தம் கட்டிக் கருத்திருந்தால், அது நடுப்பாத மூட்டுகளின் காயமாக இருக்கலாம், அதை எடை ஊன்றி நின்றபடி எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த மாதிரி எதுவும் இல்லை என்றால் கணுக்கால் இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். சுவருக்கு எதிரே நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள், தொட முடிகிற வரைக்கும் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தி, கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இதையே தினமும் இரண்டு வேளை பயிற்சியாகச் செய்யுங்கள். அதுவரை இரண்டு குதிகாலுக்கு அடியிலும் ஒரே உயரத்தில் சின்ன வெயிட் பிளேட் வைத்து லேசான எடையில் ஸ்குவாட் போடலாம். ஒரு குதிகால் தூக்கியபடியே கனமாகப் போட்டால் உடம்பு நல்ல கால் பக்கம் சாய்ந்து, அடுத்து இடுப்பு வலி என்று எழுதுவீர்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதை விடாதீர்கள், இந்த மாதிரிச் சமநிலைப் பயிற்சி மறுபடி பிசகுவதைக் குறைக்கும்.

காலையில் எழுந்ததும் குதிகால் குத்துகிறது. வெயிட் எடுப்பதை விட்டுவிடச் சொல்கிறார்கள்.

விட வேண்டாம், இதற்கு வெயிட்டே ஒரு வைத்தியம். ஒரு துண்டைச் சுருட்டிப் படியில் வைத்து, விரல்களை அதன் மேல் மடக்கி, ஒற்றைக் காலில் குதிகாலை 3 விநாடியில் உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். 12 ரெப், 3 செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானதும் முதுகுப் பையில் புத்தகங்களை அடுக்கி எடை கூட்டுங்கள். மாதக் கணக்கில் செய்ய வேண்டிய வேலை இது, இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

ஷூவா, வெறுங்காலா?

முதல் சில மாதங்கள் ஷூதான். அடி தட்டையாக, அமுங்காமல் இருக்க வேண்டும். ஓடுவதற்கான மெத்தென்ற ஷூ பார் தோளில் இருக்கும்போது பாதத்தை ஆட வைக்கும்.

அப்பாவுக்கு 58 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. பாதம் வீங்கியிருக்கிறது, ஆனால் வலி இல்லை என்கிறார். வலி இல்லாததால் ஜிம்முக்குப் போகலாமா?

போகக் கூடாது. எனக்கு வந்ததில் மிக அவசரமான கேள்வி இதுதான். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன காலில் எலும்பு உடைந்தாலும் வலி தெரியாமல் போகலாம். உங்கள் புறங்கையை இரண்டு பாதத்தின் மேலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். வீங்கிய பாதம் சூடாக, சிவந்தும் இருந்தால் சார்கோட் பாதமாக இருக்கலாம், அதன் மேல் நடக்க நடக்க எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வடிவமே மாறிவிடும். சூடு தெரியாவிட்டாலும் இன்றைக்கே சர்க்கரை நோய்ப் பாதத்தைப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அதுவரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள். அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தபடி கைக்கும் தோளுக்கும் பயிற்சி தொடங்கலாம்.