கேட்டோடு நின்றுபோன தூக்குவாளி

கேள்வி: தரங்கம்பாடிக்கு அருகே எங்கள் சபை நடத்தும் பிள்ளைகள் இல்லத்தில் நானும் என் மனைவியும் ஒன்பது ஆண்டுகளாகக் காப்பாளர்களாக இருக்கிறோம். பெற்றோர் இருவரையும் இழந்த பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் சென்ற ஜூன் மாதம் வந்து சேர்ந்தான். சாப்பாடு, சீருடை, படிப்பு எதிலும் நாங்கள் குறை வைக்கவில்லை. ஆனாலும் மாலை ஜெபத்தில் அவன் கண்ணை மூடுவதே இல்லை. பாட்டுப் பாடாமல் சன்னல் ஓரமாகவே உட்கார்ந்திருக்கிறான். கணவரை இழந்த அவனுடைய பாட்டி, தலைஞாயிறு பக்கத்திலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை வருவார். அவர் வந்துபோன இரவில் அவன் சாப்பிடுவதில்லை என்பதால், இப்போது அவர் கொண்டுவரும் தூக்குவாளியைக் கேட்டிலேயே வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிடுகிறோம். இவனை எப்படி விசுவாசத்துக்குள் கொண்டுவருவது?

– ஒரு காப்பாளர், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

ஜெபத்தைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டு, தூக்குவாளியை ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். நான் அந்த வரியை விட்டு நகரப் போவதில்லை.

தலைஞாயிறு பக்கத்துக் கிராமத்திலிருந்து உங்கள் இல்லத்துக்கு வருவதென்றால், நாகப்பட்டினம் போய், அங்கே பேருந்து மாறி, காரைக்கால் வழியாக வர வேண்டும். அதற்கு முன்னால் அந்த அம்மாள் இருட்டோடு எழுந்து குழம்பு கொதிக்க வைத்திருப்பார். சிந்தாமல் இருக்க வாளியின் வாயைத் துணியால் கட்டியிருப்பார். பேருந்துக் கூட்டத்தில் யார் முழங்கையும் இடிக்காதபடி அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருப்பார். அவ்வளவு தூரம் வந்தவருடைய கையிலிருந்து பாத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்புகிறீர்கள். அந்தக் குழம்பு பையனுடைய தட்டுக்குப் போனதா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. பாட்டி வந்திருந்தார் என்று அவனிடம் யாராவது சொன்னார்களா?

உங்கள் ஜெபக்கூடத்துச் சன்னலில் இருந்து பார்த்தால் கேட் தெரிகிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். தெரியுமானால், அவன் கண்ணை மூடாததற்கு விசுவாசக் குறைவைக் காரணம் சொல்லாதீர்கள். தான் பார்க்காத நேரத்தில் பாட்டி வந்து போய்விடுவாரோ என்று பயப்படுகிற பிள்ளை எப்படிக் கண்ணை மூடும்? அவன் பயந்தபடியே நடக்கவும் நடந்திருக்கிறது, நடத்தியவர் நீங்கள்.

அவர் வந்துபோன இரவில் அவன் சாப்பிடாததை ஒரு நோயைப் போல எழுதியிருக்கிறீர்கள். தாயையும் தகப்பனையும் பறிகொடுத்த பிள்ளை, மிஞ்சியிருக்கும் ஒருவரும் பேருந்து ஏறிப் போவதைப் பார்த்துவிட்டு வந்து வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள நீங்கள் எதிர்பார்ப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மிஷன் போர்டிங்கில் ஆறு ஆண்டுகள் வளர்ந்தவள். அம்மாமார் வந்துபோகும் கடைசி ஞாயிறு இரவுகளில் எங்களில் பாதிப் பேருக்குச் சோறு இறங்காது. எங்கள் வார்டன் அம்மாள் அதற்காக யார் தாயையும் வராதே என்று சொல்லவில்லை. தட்டுகளை மூடி வைத்திருந்து, ஒன்பது மணிக்கு மேல் எங்களை ஒவ்வொருத்தியாக எழுப்பி, மோர்ச்சோற்றைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுப்பார். நான் இன்றும் ஜெபிக்கிறவளாக இருப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

வேதாகமத்தில் யாக்கோபு நிருபத்து வசனம் உங்கள் இல்லத்துச் சுவரிலும் எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் அதில் சேர்ந்தே வருகிறார்கள்; அவர்களை உபத்திரவத்தில் விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்று அது சொல்கிறது. நீங்கள் பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு விதவையைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள். அவரை விசாரித்தீர்களா? மாதம் எப்படி ஓடுகிறது, பேருந்துச் செலவுக்கு என்ன செய்கிறார், பேரனைப் பிரிந்து எப்படித் தூங்குகிறார் என்று ஒரு நாளாவது உட்கார வைத்துக் கேட்டீர்களா?

1706 ஜூலை 9 அன்று உங்கள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, சிறுவயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். 1698-இல் பிராங்கே என்ற போதகர் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டிய, ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்தவர். அவரே இங்கு வந்ததும் இந்த ஊர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1707-இல் பள்ளி தொடங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்களும் இவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது: அவன் வீடு எப்படி இருந்தது, அவனுடைய அம்மா என்ன சமைப்பார், அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள். கடைசியாகச் சொன்னதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. பாட்டியின் சம்மதம் இல்லாமல் அவனை எந்த விசுவாசத்துக்குள்ளும் கொண்டுவர உங்களுக்கு உரிமை இல்லை என்பதை நான் ஒரு கிறிஸ்தவளாகவே சொல்கிறேன்.

இரத்த உறவு உயிரோடு இருந்து, வளர்க்க மனமும் இருக்கும்போது, பிள்ளையை இல்லத்தில் வைத்திருப்பதை ஊழியம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இல்லாமல் அவனைச் சேர்த்திருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு அந்த அம்மாளை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற பிள்ளைக்கு, கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால், பிள்ளைகள் நலனுக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்க வழி இருக்கிறது. முதியோர் உதவித்தொகையும் களையெடுப்புக் கூலியும் தவிர அவருக்கு வேறு வருமானம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பிள்ளை குறைந்தால் உபகாரிகளுக்கு என்ன பதில் சொல்வது என்று உங்கள் கமிட்டி கேட்கும். பாட்டியிடம் போய்விட்டான், அவனுடைய படிப்புச் செலவை இனி அங்கே அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள். அவருக்கு உடம்பு முடியவில்லை, பையன் உங்களிடமே இருக்கட்டும் என்று அவரே சொன்னால் இருக்கட்டும். அப்போதும் அவர் கேட்டில் நிற்கக் கூடாது.

வரும் முதல் சனிக்கிழமை காவலாளியை அனுப்பாமல் நீங்களும் உங்கள் மனைவியும் கேட்டுக்குப் போங்கள். மன்னிப்புக் கேளுங்கள், அதைப் பையன் பார்க்கும்படி கேளுங்கள். சாப்பாட்டு அறையில் இருவருக்கும் இலை போட்டுவிட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். வாளியை அவரே திறக்கட்டும். மாலையில் பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேருந்து கண்ணை விட்டு மறையும் வரை அவன் நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அன்று இரவும் அவனால் சாப்பிட முடியாமல் போகலாம். தட்டை மூடி வையுங்கள்.