இன்னும் இருபது பேர்

அன்புள்ள ஐயா,

முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம் என்று வந்தவள், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மனத்தை எண்ணால் அளக்க முடியுமா? என் ஆய்வேட்டில் பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடவோ பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.07 வந்தது. 0.05க்குக் கீழே வந்தால்தான் முடிவு செல்லும் என்பது வழக்கம். இன்னும் இருபது பேரிடம் படிவம் வாங்கினால் 0.05க்குக் கீழே இறங்கிவிடும் என்கிறார் வழிகாட்டி. அது வேறு விஷயம். புள்ளியியல் பயம் போக ஒரு நூல் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மனத்தை அளக்கலாமா என்பது பழைய சண்டை, நம்மால் தீராது. நூலகத்தில் எது மெலிதாக இருக்கிறதோ அந்த நூலை எடுங்கள்.

'அது வேறு விஷயம்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதைத்தான் சில நாட்களாக மென்றுகொண்டிருக்கிறேன். என் சித்தி மகன் தெருக் கிரிக்கெட்டில் டாஸ் தோற்றால் 'மூணுக்கு ரெண்டு' என்பான். அதுவும் போனால் 'அஞ்சுக்கு மூணு'. ஜெயித்த கணம் காசு பைக்குள் போய்விடும். தான் ஏமாற்றுவதாக அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. காசிலும் குற்றமில்லை.

0.05 என்பது, வேறுபாடே இல்லாதபோதும் நூற்றுக்கு ஐந்து முறை ஏமாறச் சம்மதித்து நாம் போட்ட ஒப்பந்தம். ஒருமுறை பார்ப்பதற்குத்தான் அது செல்லும். 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் வேறுபாடே இல்லாத தரவைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். பிரிவுக்கு 20 பேரோடு சோதித்து, சரிவராவிட்டால் பத்துப் பேர் கூட்டி இன்னொருமுறை சோதித்தாலே நூற்றுக்கு ஐந்து என்பது 7.7 ஆகிறது. ஆய்வாளர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் வேறு மூன்று சில்லறைச் சலுகைகளும் சேர்ந்தால் 60.7! பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்டவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை வயது குறைந்ததாகவும் அதே கட்டுரையில் 'நிரூபித்தார்கள்'. மனசில் இளமை என்று நினைக்காதீர்கள், பிறந்த தேதிப்படி வயது. பி மதிப்பு 0.04. கேலிக்காக வேண்டுமென்றே செய்தது அது. ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, வந்ததும் நிறுத்தினார்கள். அவர்கள் கேலியாகச் செய்ததை உங்களை நிஜமாகச் செய்யச் சொல்கிறார்கள்.

2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது, முதலில் 97 சதவீதத்தில் வந்த 'வெற்றி', அதாவது 0.05க்குக் கீழான பி மதிப்பு, 36 சதவீதத்தில்தான் வந்தது. எதிர்பார்ப்பு கண்ணை மறைக்கும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். சொந்த ஆய்வேடு என்றதும் மறந்துபோயிற்றா? மனிதர்களைப் புரிந்துகொள்ள வந்தவர் முதலில் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் இருவரைப் பாருங்கள், அம்மா.

0.07 என்றே எழுதுங்கள். விளைவின் அளவையும் (வேறுபாடு எவ்வளவு பெரிது), நம்பக இடைவெளியையும் (உண்மை அளவு எதிலிருந்து எதுவரை இருக்கலாம்) பக்கத்தில் போடுங்கள். ஆள் சேர்த்தே தீரவேண்டும் என்றால், எத்தனை பேரோடு முதலில் பார்த்தீர்கள், பிறகு ஏன் சேர்த்தீர்கள் என்பதை ஆய்வேட்டிலேயே சொல்லிவிடுங்கள். வழிகாட்டியிடம் என் பதிலைக் காட்டவேண்டாம், கோபம் வரும். அந்த 2011 கட்டுரையைக் கொடுங்கள், சிரிப்பாவது வரும்.